உம்மாவின் காப்பும் ஒரு கெமராவும்



எங்களிடம் படித்த பிள்ளை ஒருவர் ஸ்டூடியோ திறக்கப் போகிறார். போன வெள்ளி ஜும்ஆ முடிய எங்கள் மூன்று பேரையும் பிடித்து, "சேர், மீடியம் ஃபோர்மட் எடுக்கட்டா?" என்று கேட்டார். காசு எங்கே என்றோம். உம்மாவின் காப்பாம்.

மீடியம் ஃபோர்மட் நல்ல சாமான்தான், பொய் சொல்ல மாட்டோம். ஃபியூஜி ஜிஎஃப்எக்ஸ் சென்சர் 44க்கு 33 மில்லிமீற்றர். ஃபுல் ஃப்ரேம் 36க்கு 24. நகை விளம்பரம், பெரிய சுவர்ப்படம் எடுக்கிறவருக்கு அந்தப் பரப்பு உதவும். ஊர்க் கலியாணத்தில் ஓடுகிற பிள்ளைகளை எடுக்கிறவருக்கு? ஆட்கள் படத்தைப் பார்ப்பதே ஃபோனில்தான். லென்ஸ் விலை வேறு இருக்கிறது.

ஃபிலிம் ஆசையும் உண்டாம். ஒரு ரோலில் 36 படம். கழுவும்வரை கண் மூடினவர் யாரென்று தெரியாது. (எங்களில் ஒருவரின் வாப்பாவுடைய கலியாண ரோல் வெளிச்சம் பட்டுப்போனது. உம்மா இன்னும் சொல்லிக்காட்டுகிறா.)

நாங்கள் சொன்னது, பாவித்த நிக்கோன் டி750. 24 மெகாபிக்சல். இரண்டு கார்ட் போடலாம். இரண்டிலும் ஒரே படத்தைப் பதியவிட்டால் ஒன்று பழுதானாலும் மற்றதில் இருக்கும். கம்பனிகள் மிரர்லெஸ் பக்கம் போய்விட்டதால் பழைய டிஎஸ்எல்ஆர் லென்ஸ்கள் இப்போது மலிவு. மிச்சத்தில் ஒரு ஃப்ளாஷ். ஒரு காப்பாவது உம்மாவின் கையில் இருக்கட்டும்.

பிள்ளையின் முகம் சுண்டித்தான் போனது. மஃரிபுக்குப் பிறகு அவரே கோல் எடுத்து, "சரி சேர், தேடுங்க" என்றார்.

அதிகம் பாவிக்காத டி750 யாரிடமாவது இருந்தால் இன்பொக்ஸில் சொல்லுங்கள். பெருநாள் முடிய அவருக்கு முதல் ஓடர் இருக்கிறது.