ஈறில் ரத்தம் வந்தால் பிரஷ்ஷை நிறுத்தலாமா?

என் அக்காவுக்கு 71 வயது, சர்க்கரை உண்டு. ஈறில் ரத்தம் கசிகிறதென்று இரண்டு மாதமாகக் கீழ்ப்பல்லில் பிரஷ் படவே விடுவதில்லை. வெறும் உப்புத் தண்ணீர்தான். கசிவு நிற்கவில்லை, இப்போது பல்லும் ஆடுகிறது.

என்னிடம் ஐந்தாம் வகுப்பு படித்த பெண் ஒருத்தி இப்போது பி.டி.எஸ். படிக்கிறாள். அவளிடம் கேட்டேன். "1965-லேயே சோதித்துப் பார்த்திருக்கிறார்கள் டீச்சர்" என்றாள். டென்மார்க்கில் ஹரால்ட் லோ என்பவர் 12 பேரைப் பல் துலக்காமல் இருக்கச் சொன்னாராம். மூன்று வாரத்துக்குள் அத்தனை பேருக்கும் ஈறு வீங்கியது. மறுபடி துலக்கியதும் சரியானது.

பூச்சி பல்லைத் தின்கிறது என்றுதானே சிறுவயதில் கேட்டிருக்கிறோம்? ஈறு நோயில் கதை வேறு. பல்லில் படியும் கிருமிப் படலத்தை எதிர்க்க வெள்ளையணுக்கள் ஈறுக்குள் திரளுகின்றன. ரத்தக் குழாய்கள் விரிகின்றன, லேசாகப் பட்டாலே கசிவது அதனால்தான். படலம் அங்கேயே கிடந்தால் சண்டை ஓயாது. அந்த அணுக்கள் விடும் நொதிகள் பல்லைப் பிடித்திருக்கும் நார்களையும் அரிக்கின்றன. அவற்றின் தூண்டுதலில் எலும்பைக் கரைக்கும் செல்கள் தாடையெலும்பில் கை வைக்கின்றன. நம்மைக் காக்க வந்த படையே நம் பல்லை ஆட்டுகிறது! சர்க்கரை கட்டுப்படாதவர்களுக்கு இது இன்னும் வேகம்.

கரைந்த எலும்பு தானாக வளராது என்று அவள் சொன்னபோது எனக்குத் திக்கென்றது.

மென்மையான பிரஷ் வாங்கிக் கொடுத்தேன். காரை எடுக்க வியாழக்கிழமை பல் டாக்டரிடம் நேரம் வாங்கியிருக்கிறேன். அக்காவோ, "க்ளீன் பண்ணினா இருக்கிற பல்லும் ஆடிடும்டி" என்று இன்னும் சண்டை போடுகிறாள்.