தண்ணீரில் நிற்கும் ஆலயம்



கர்நாடகத்தின் ஹாசன் மாவட்டத்தில் ஷெட்டிஹள்ளி என்றொரு சிற்றூர் உண்டு. 19ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சு மிஷனரிகள் அங்கே ஜெபமாலை மாதாவின் பெயரால் ஓர் ஆலயம் எழுப்பினார்கள். சுண்ணாம்போடு வெல்லமும் முட்டையும் கலந்து கட்டியது என்று அப்பகுதியில் சொல்வதுண்டு. பின்னாளில் ஹேமாவதி ஆற்றின் குறுக்கே கொரூரில் அணை எழுந்தபோது, அவ்வூர் நீர்த்தேக்கத்தின் எல்லைக்குள் அகப்பட்டது. மக்கள் வேறிடங்களில் குடியமர்த்தப்பட்டார்கள். ஆலயம் மட்டும் அங்கேயே நின்றுவிட்டது.

மழைக்காலத்தில் அணை நிரம்பும்போது சுவர்களின் மேற்பகுதி மாத்திரம் நீருக்கு மேலே தெரியும். கோடையில் நீர் வடிந்தபின் கால் நனையாமல் உள்ளே போகலாம். கூரை இல்லை, உயர்ந்த கூர்வளைவுகள் இன்னும் நிற்கின்றன. மணமக்கள் வந்து புகைப்படம் எடுத்துக்கொள்கிறார்கள். அதில் குற்றமில்லை. ஆனால் அங்கே ஞானஸ்நானம் பெற்றவர்கள் எங்கே போனார்கள் என்று கேட்பவர்கள் மிகச் சிலரே.

தனுஷ்கோடியின் ஆலயத்தை 1964 டிசம்பர் புயல் இடித்தது. ஷெட்டிஹள்ளியை வெறுமையாக்கியது புயலன்று; வயலுக்கு நீர் வேண்டும் என்ற நியாயமான தேவை. அந்த ஹேமாவதி காவிரியில் கலக்கிறது. காவிரி நீரோ நம் மாவட்டத்து வீராணம் ஏரிவரை வருகிறது.

நெய்வேலியில் வாழும் நமக்கு இது அயலூர்க் கதையன்று. 1957 மே மாதம் பிரதமர் நேரு இங்கே சுரங்கப் பணியைத் தொடங்கிவைத்தார். அதுமுதல் நிலத்தைக் கொடுத்துவிட்டு எழுந்துபோன கிராமங்கள் பல. அவர்களுடைய வயல்களின் அடியிலிருந்து எடுத்த பழுப்பு நிலக்கரியால்தான் நம் ஆலயத்து மின்விசிறியும் சுழல்கிறது. ஷெட்டிஹள்ளியில் நீர் வடிந்தால் சுவராவது தெரிகிறது. சுரங்கத்திலோ ஊர் நின்ற மண்ணே இல்லை.

எசேக்கியேல் 11ஆம் அதிகாரத்தை இவ்வாரம் வாசியுங்கள். எருசலேமில் எஞ்சியிருந்தவர்கள், சிறைப்பட்டுப் போனவர்களைக் கர்த்தருக்குத் தூரமானவர்கள் என்றும், தேசம் தங்களுக்கே உரியது என்றும் பேசினார்கள். கர்த்தரோ, சிதறிப்போனவர்களுக்குத் தாமே பரிசுத்த ஸ்தலமாயிருப்பதாகச் சொல்கிறார். அவருடைய மகிமை ஆலயத்தையும் நகரத்தையும் விட்டு எழும்பிக் கிழக்கே மலையின்மேல் போய் நிற்கிறது. இருந்தவர்களைவிட்டு, இழந்தவர்களின் திசையில்! இந்த அதிகாரத்தில் நம்முடைய இடம் எது? பணி ஓய்வில் குவார்ட்டர்ஸைக் காலிசெய்யும்வரை, நாமும் எஞ்சியிருக்கிறவர்களே.

வருகிற ஞாயிறு முதல் ஆலயத்தின் பின்மேசையில் ஒரு நோட்டுப் புத்தகம் இருக்கும். சுரங்கத்திற்காக ஊரைவிட்டு வந்த குடும்பத்தார் பழைய ஊரின் பெயரையும், அங்கிருந்த ஜெபவீடு, கோயில், குளம் ஆகியவற்றின் நினைவையும் எழுதுங்கள். எழுதத் தெரியாத பெரியவர்களுக்கு வாலிபர்கள் எழுதிக்கொடுங்கள். உங்கள் வீட்டுக்குப் பால் கொண்டுவருகிறவரிடமும், வீட்டு வேலைக்கு வருகிற சகோதரியிடமும் அவர்களுடைய பழைய ஊர் எது என்று கேளுங்கள். சேர்ந்த பெயர்களை மாதத்தின் கடைசி ஞாயிறு மன்றாட்டு ஜெபத்தில் ஒவ்வொன்றாக வாசிப்போம்.