பிளக் வயரும் பெருவெப்பமும்

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்சி. இயற்பியல்)

நெருப்பு இல்லையேல் பெட்ரோல் எஞ்சின் இல்லை. ஆனால் அந்த நெருப்பை மூட்டுகின்ற வயருக்கு நெருப்பே பெரும் பகை. வகுப்பறையில் தனித்தனிப் பாடங்களாக வருகின்ற வெப்பவியலும் மின்னியலும் பழைய கார் ஒன்றின் பானெட்டுக்கு அடியில் ஒரு விரற்கடை இடைவெளியில் எதிரெதிரே நிற்கின்றன. இவ்விரண்டுக்கும் இடையே நடக்கும் போராட்டத்தைப் பற்றி எனக்குத் தெரிந்த அளவில் எழுத முற்படுகின்றேன்.

நம் ஓசூர், கிருஷ்ணகிரி வட்டாரம் வண்டிகளால் வளர்ந்த பூமி. 1980-இல் அசோக் லேலண்ட் ஓசூரில் ஆலை அமைத்தது. அதே ஆண்டில் டி.வி.எஸ். 50 மொபெட் இங்கிருந்து வெளிவந்தது. எல்லைக்கு அப்பால் பெங்களூரில் பிளக்குகள் செய்த மைக்கோ நிறுவனம் 2008-இல் பாஷ் எனப் பெயர் மாறியது. ஆயினும் நம் பட்டறைகளில் இன்றும் பலர் 'மைக்கோ பிளக்' என்றே கேட்கின்றனர். பெரிய ஆலைகளின் நிழலில் தமிழும் தெலுங்கும் கன்னடமும் கலந்து ஒலிக்கும் சிறு பட்டறைகள் பல. அவற்றுள் ஒன்று என் தாய்மாமன் நடத்துவது. விடுமுறை நாட்களில் நான் அங்கே கைவேலை செய்வது வழக்கம்.

முதலில் வயரின் வேலையைப் பார்ப்போம். பேட்டரி தருவது 12 வோல்ட். அதனைக் காயில் ஏறத்தாழ 15,000 முதல் 25,000 வோல்ட்டாக உயர்த்துகின்றது. டிஸ்ட்ரிபியூட்டர் அதனை முறைப்படி ஒவ்வொரு பிளக்குக்கும் பங்கிட்டு அனுப்புகின்றது. எட்டு சிலிண்டர் எஞ்சின் நிமிடத்திற்கு 3,000 சுற்றுச் சுற்றினால் ஒரு விநாடிக்கு 200 பொறிகள் பறக்க வேண்டும். இத்தனையையும் சுமப்பது மெல்லிய வயர்தான். அதன் மேலுள்ள உறை கெட்டால் மின்சாரம் பிளக்குக்குப் போகாமல், பக்கத்திலுள்ள இரும்பின்மேல் பாய்ந்துவிடும்.

நம் ஊர் அம்பாசடரின் பழைய 1489 சி.சி. எஞ்சினில் இத்தொல்லை குறைவு. அதில் புகை வெளியேறும் மேனிஃபோல்டு ஒரு பக்கம், பிளக்குகள் மறு பக்கம். அமெரிக்க வி-8 எஞ்சின்கள் பலவற்றிலோ இரண்டும் ஒரே பக்கம். அவற்றின் கனத்த வார்ப்பிரும்பு மேனிஃபோல்டைக் கழற்றிவிட்டு, ஆற்றல் கூடும் என்று மெல்லிய குழாய்களால் ஆன 'ஹெட்டர்' பொருத்துவோர் உண்டு. குழாய்கள் வளைந்து நெளிந்து பிளக்கை ஒட்டியே செல்லும். சுமை மிகுந்த நேரத்தில் அவற்றின் சூடு பல நூறு டிகிரியைத் தாண்டும். ரப்பர் உறை எப்படித் தாங்கும்?

சென்ற கோடையில் பெங்களூர்க்காரர் ஒருவரின் பழைய செவர்லே அப்படித்தான் வந்து சேர்ந்தது. சமதளத்தில் ஒழுங்காக ஓடும். கிருஷ்ணகிரியிலிருந்து சூளகிரி வழியாக ஓசூருக்கு மேடேறும்போது மட்டும் மிஸ்ஸிங் அடிக்கும். மேட்டில் மட்டும் ஏன்? ஏறும்போது ஆக்சிலரேட்டரை மிதிப்பதால் சிலிண்டருக்குள் கலவை நிறைகின்றது, அழுத்தம் கூடுகின்றது. அழுத்தம் கூடக் கூட, பிளக்கின் இடைவெளியைத் தாண்ட அதிக வோல்ட் தேவை. வளியின் அழுத்தத்திற்கும் பொறிக்கும் உள்ள இத்தொடர்பை 1889-இல் பாஷன் என்ற ஜெர்மானிய அறிஞர் வகுத்துக் கூறினார். உள்ளே வழி கடினமாகும்போது, வெந்து வெடித்த உறை மின்சாரத்துக்கு எளிய வழியாகிவிடுகின்றது. இருட்டிய பிறகு விளக்கை அணைத்து எஞ்சினை ஓட்டிப் பார்த்தோம். ஆக்சிலரேட்டரைத் தூக்கியபோது, ஒரு வயரின் முனையிலிருந்து ஹெட்டர் குழாய்க்கு நீலப் பொறி சடசடவெனத் தாவியது.

மாமா உள்ளே சென்று, பழைய தகர டப்பாவிலிருந்து வெண்மையான கயிறு ஒன்றை எடுத்து வந்தார். அது கல்நார், அதாவது ஆஸ்பெஸ்டாஸ் கயிறு. அவருக்குத் தொழில் கற்றுத்தந்த மேஸ்திரி காட்டிய வழி அதுதான். அதை வெறுங்கையால் பிய்த்து, உதறி, குழாயைச் சுற்றிக் கட்டுவார்களாம். பட்டறையின் உதவியாளத் தம்பி அதை வாங்கக் கை நீட்டினான். "மாமா, அது வேண்டாம்" என்றேன்.

"ஏன்டா மாப்பிள்ளை, முப்பது வருசமா கட்டுறேன். ஒரு வண்டியாவது திரும்பி வந்துச்சா?" என்றார்.

வண்டிக்குக் கேடில்லை என்பது உண்மையே. கேடு மனிதனுக்கு. எல்லா வகைக் கல்நாரும் புற்றுநோய் விளைவிக்கக்கூடியது என்று உலக சுகாதார நிறுவனம் கூறுகின்றது. கண்ணுக்குத் தெரியாத அதன் இழைகள் நுரையீரலில் தங்கிப் பல்லாண்டுகள் கழித்தே நோயைக் காட்டும். இதைச் சொன்னதும் மாமா சற்று நேரம் பேசவில்லை. அவருடைய மேஸ்திரி தம் இறுதி நாட்களை மூச்சு வாங்கியே கழித்தவர். கல்நார்தான் காரணமா என்று எவரும் சோதித்ததில்லை. எவருக்கும் அப்படிக் கேட்கத் தோன்றியதும் இல்லை.

"சரி, உன் புத்தகத்தில வேற வழி இருந்தா சொல்லு" என்றார்.

வழி இருந்தது. சூடான பொருள் வீசும் கதிர்வீச்சு அதன் தனி வெப்பநிலையின் நான்காம் அடுக்கைப் பொறுத்தது என்பது ஸ்டீபன்-போல்ட்ஸ்மன் விதி. 300 டிகிரி சென்டிகிரேடில் உள்ள குழாய் 600 டிகிரிக்கு ஏறினால் கதிர்வீச்சு இரு மடங்கன்று, ஐந்து மடங்குக்கும் மேல் ஆகும். எனவே கதிரைத் தடுப்பதே முதல் வேலை. பளபளப்பான அலுமினியத் தகடு தன்மேல் விழும் கதிரில் பெரும்பகுதியைத் திருப்பி அனுப்பிவிடும். ஆனால் தகடு குழாயைத் தொடக்கூடாது. தொட்டால் வெப்பம் கடத்தலால் ஏறிவிடும். இருபுறமும் காற்று உலவ இடம் வேண்டும்.

அவ்வாறே செய்தோம். கெட்ட ரப்பர் வயர்களை நீக்கிச் சிலிக்கோன் உறையிட்ட வயர்களைப் போட்டோம். பிளக் முனைகளுக்குக் கண்ணாடி இழை உறை மாட்டினோம். விரற்கடை இடைவெளி விட்டு அலுமினியத் தகட்டை நிறுத்தினோம். வயர்கள் குழாயின்மேல் சாயாதபடி கிளிப்புகளால் பிரித்துக் கட்டினோம். அடுத்தடுத்துப் பொறி விடும் இரு சிலிண்டர்களின் வயர்கள் ஒட்டி ஓடினால் ஒன்றின் மின்சாரம் மற்றதில் தூண்டப்படும் என்று அவற்றை விலக்கி வைத்தவர் மாமாதான். மின்காந்தத் தூண்டலைப் பற்றி அவர் படித்ததில்லை. அனுபவமே அவருக்குப் பாடநூல். கண்ணாடி இழையைக் கையுறையும் முகக்கவசமும் அணிந்தே வெட்டினோம். அன்றிரவு நீலப் பொறி தோன்றவில்லை. மேட்டிலும் வண்டி தடையின்றி ஏறியதாக உரிமையாளர் பிறகு கூறினார்.

இன்று நம் மாவட்டத்தில் ஓசூரிலும் போச்சம்பள்ளியிலும் மின்சார ஸ்கூட்டர்கள் உருவாகின்றன. அவற்றில் பிளக்கும் இல்லை, புகைக்குழாயும் இல்லை. இனி இந்த அறிவு எதற்கு என்று நண்பர்கள் கேட்கலாம். பேட்டரியும் சூடேறும், அதன் வயருக்கும் உறை உண்டு. வண்டி மாறினாலும் விதி மாறாது.

நண்பர்களே! நம்மில் பலருடைய வீடுகளில் பட்டறையோ ஆலையோ சோறு போடுகின்றது. அங்கே உழைப்போரின் கைத்திறனுக்கு முன் நாம் பணிந்து கற்க வேண்டியவை ஏராளம். அதே வேளையில், அவர்கள் அறியாமல் சுவாசிக்கும் தூசியைப் பற்றி எடுத்துச் சொல்வது படித்தவரின் கடமை. வயரைக் காப்பது நல்லது. அந்த வயரைத் தொடுகின்றவரின் மூச்சைக் காப்பது அதனினும் நல்லது. அந்தக் கயிற்று டப்பா இப்போது மூடி ஒட்டப்பட்டு, எவரும் தொடாதபடி பரண்மேல் ஒதுங்கியிருக்கின்றது.