பூட்டிய பெயர், திறந்த பெட்டி

தமிழ்த் துறை நண்பர்களுக்கு அணி என்றால் உவமை, உருவகம். கணிப்பொறி பயிலும் எங்களுக்கோ அணி என்பது எண்ணிட்டு வரிசையாக வைத்த பெட்டிகள். அலங்காரம் ஏதும் இல்லை!

ஜாவா மொழியில் அணியின் முன்னால் 'ஃபைனல்' என்று எழுதிவிட்டால் அது மாறாது என்று நம்புவோர் பலர். பாதிதான் உண்மை. அந்தப் பெயர் வேறோர் அணியைச் சுட்டாது, அவ்வளவே. பெட்டிகளுக்குள் இருப்பதையோ அணி கைக்குக் கிடைத்த எவரும் மாற்றலாம். வாசலில் பெயர்ப்பலகையை ஆணியடித்துவிட்டுக் கதவைத் திறந்து போட்டது போலத்தான்.

இதனால் என்ன குடி முழுகிவிடும் என்று கேட்பீர்கள். 1997 ஏப்ரலில் அமெரிக்காவின் பிரின்ஸ்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஜாவா 1.1.1 பதிப்பில் ஓர் ஓட்டையைக் கண்டுபிடித்தார்கள். வெளியிலிருந்து வரும் நிரலுக்கு யார் கையொப்பமிட்டிருக்கிறார் என்று பார்த்தே கணிப்பொறி அதற்கு உரிமை வழங்கும். கையொப்பமிட்டோர் பட்டியல் ஓர் அணி. 'கெட்சைனர்ஸ்' என்று கேட்டால், நகலைத் தராமல் உள்ளே இருந்த அசல் அணியையே அது தூக்கிக் கொடுத்துவிட்டது. வாங்கிய நிரல் அதில் நம்பகமான ஒருவர் பெயரை எழுதிக்கொண்டால் போதும், அவருக்குரிய உரிமையெல்லாம் அதற்கும் வந்துவிடும். 1.1.2 பதிப்பில் இதைச் சரிசெய்தார்கள்.

என் தாயார் எங்கள் தெரு மகளிர் குழுவுக்குக் கணக்கு எழுதுபவர். தவணை நோட்டை எவர் கேட்டாலும் கொடுக்கமாட்டார்; வேண்டியதைத் தனித்தாளில் எழுதித் தருவார். "எங்க மேல நம்பிக்கை இல்லையா?" என்று கோபித்துக்கொண்டவர்களும் உண்டு. ஜாவாவை அவர் அறியார். ஆனால் அந்தப் பதிப்பை எழுதியவர்களைவிட இந்த விஷயத்தில் கெட்டிக்காரர் என்பது என் கட்சி.

ஆயினும் இலட்சம் பெட்டிகளைக் கேட்கும்போதெல்லாம் நகலெடுப்பது வீண் உழைப்பு. மாறாப் பட்டியலாக இருந்தால் அசலையே துணிந்து நீட்டலாம். ஜாவா 9, 2017இல், 'லிஸ்ட்.ஆஃப்' என்று இதற்கு வழி செய்தது, 2018இல் 'லிஸ்ட்.காப்பிஆஃப்' வந்தது. அப்படி அமைந்த பட்டியலைத் திருத்த முயன்றால் நிரல் பிழை காட்டி நின்றுவிடும். திருத்தம் வேண்டுமானால் புதுப்பட்டியல்தான் போட வேண்டும். அது இதன் விலை.

எங்கள் வகுப்பின் அக மதிப்பீட்டுக்கு நான் எழுதிவரும் நிரலில் இதையே கையாண்டிருக்கிறேன். பட்டியலை வாங்கிச் செல்லும் எந்தப் பகுதியும் ஒரு மதிப்பெண்ணைக்கூடக் கூட்டிக்கொள்ள முடியாது. அதில் என் மதிப்பெண்ணும் இருக்கிறதே என்பதுதான் சிறு வருத்தம்.