மலையில் பெய்யும் மழையைக் கேள்வியாக எடு

பேராதனை
15.02.2026

அன்புள்ள தங்கச்சி,

உன் கடிதம் கிடைத்தது. பௌதிகவியலில் சிறப்புப் பட்டம் முடித்த கையோடு வங்கி வேலைக்குப் போவதா, காலநிலை மாதிரியாக்கத்தில் கலாநிதிப் பட்ட ஆய்வுக்குப் போவதா என்று கேட்டிருக்கிறாய். ஆய்வுக்குத்தான் போக வேண்டும் என்பது என் முடிவு. எந்த நாட்டுக்குப் போவது என்பதைப் பிறகு பார்க்கலாம். எந்தக் கேள்வியோடு போவது என்பதை முதலில் தீர்மானி.

அந்தக் கேள்வி நம் ஊரிலேயே இருக்கிறது. போன நவம்பர் இறுதியில் டித்வா புயல் வந்தபோது இங்கே மகாவலி கரை மீறியது. மலைச்சரிவுகள் வீடுகளோடு இறங்கின. நாட்டிலேயே மிக மோசமாக அடிபட்ட மாவட்டங்களில் கண்டியும் ஒன்று. 2014 ஒக்டோபர் 29இல் மீரியபெத்தைத் தோட்டத்தில் மண்சரிவால் லயங்கள் மண்ணுக்குள் போனதை நம் சனம் இன்னும் மறக்கவில்லை. இப்படிப்பட்ட மழை இனி எவ்வளவு அடிக்கடி வரும், எந்தச் சரிவில் எவ்வளவு பெய்யும் என்று நம்பிச் சொல்லும் நிலையில் உலகக் காலநிலை மாதிரிகள் இன்று இல்லை.

காரணத்தை நீயே கணக்குப் போட்டுப் பார். பூமி முழுவதையும் கணக்கிடும் மாதிரிகள் பலவற்றில் ஒரு கட்டம் ஏறக்குறைய 100 கிலோமீட்டர் அகலம். இலங்கையின் பரப்பு 65,610 சதுர கிலோமீட்டர். அப்படியானால் தீவு முழுவதும் ஆறேழு கட்டங்களுக்குள் அடங்கிவிடுகிறது. 2,524 மீட்டர் உயரமான பீதுருதலாகலை அங்கே சாதாரண மேடாகக் கரைந்துவிடும். நக்கிள்ஸ் மலைத்தொடரின் மேற்குப் பக்கத்தைத் தென்மேற்குப் பருவமழை நனைக்கும், கிழக்குப் பக்கத்துக்கு வடகீழ்ப் பருவக்காற்று மழை கொண்டுவரும். மாதிரிக்கு இரண்டு பக்கமும் ஒன்றுதான்.

இது உயிரோடு விளையாடும் விஷயம். 24 மணித்தியாலத்தில் 75 மில்லிமீட்டர் பெய்தால் விழிப்பாக இருக்கும்படியும், 100 தாண்டினால் எச்சரிக்கையும், 150 தாண்டினால் வெளியேறும்படியும் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் அறிவிக்கிறது. ஒரு பெரிய கட்டத்தின் சராசரி 75ஐக்கூடத் தொடாத நாளில், அதற்குள் இருக்கும் ஒரு தோட்டத்தில் 150க்கு மேல் பெய்திருக்கலாம். லயத்தில் படுத்திருப்பவர்களின் தலையில் சராசரி மழை பெய்வதில்லையே!

இதற்கு ஒரு வழி இருக்கிறது. உலக மாதிரி தரும் விடையை எடுத்து, நம் மலைகளின் உண்மையான வடிவத்தோடு சில கிலோமீட்டர் அளவுக்குச் சிறு கட்டங்களில் மறுபடியும் கணக்கிடலாம். அதற்கான டபிள்யூ.ஆர்.எஃப் மென்பொருள் இலவசம். 1940 முதலான உலக வானிலையை மணிக்கு மணி தரும் ஈ.ஆர்.ஏ-5 தரவும் இலவசம். ஆனால் வந்த விடை சரியா என்று ஒப்பிட, நிலத்தில் அளந்த மழைக்கணக்கு வேண்டும். அது தோட்டங்களில் இருக்கிறது.

அப்பா தோட்டத்து ஒஃபீசில் கிளாக்கராக இருந்தபோது காலையில் முதல் வேலையாக என்ன செய்வார் என்று உனக்கு நினைவிருக்கும். மழைமானியின் தண்ணீரைக் கண்ணாடிக் குழாயில் ஊற்றி, கண் மட்டத்துக்கு உயர்த்திப் பார்த்து, தடித்த பதிவேட்டில் எழுதுவார். பழைய பக்கங்கள் அங்குலத்தில், பிந்தியவை மில்லிமீட்டரில். மழை இல்லாத நாளுக்கும் ஒரு கோடு. அப்படிப்பட்ட பதிவேடுகளைக் கறையான் அரிக்குமுன் தேடி எடுத்து, கணினியில் ஏற்றி, மாதிரியோடு ஒப்பிடுகிற ஆள் யார்? துரை பங்களாவிலும் ஒஃபீசிலும் தமிழில் பேசி அதைக் கேட்டு வாங்கக்கூடிய ஆய்வாளர் எத்தனை பேர் இருப்பார்கள்? இந்த இடத்தில் உனக்குப் போட்டி குறைவு.

கண்டிப் பக்கம் இருந்தபடியே இத்துறையில் பெயர் பெற்றவர் லரீஃப் சுபைர். எல் நினோ மகாவலியின் நீரோட்டத்தை எப்படி மாற்றுகிறது என்று 2003இல் கட்டுரை வெளியிட்டார். அதைத் தேடி வாசி. பொல்கொல்லை, விக்டோரியா அணைகளில் தண்ணீர் திறப்பவர்களுக்கு அந்தக் கேள்வி எவ்வளவு பெரியது என்று புரியும்.

இனி இடங்களைப் பார்ப்போம். உள்ளூரில் பேராதனையின் விஞ்ஞானப் பட்டப்பின்படிப்பு நிறுவகம் இருக்கிறது. ஹந்தானையில் தேசிய அடிப்படைக் கற்கைகள் நிறுவகம் இருக்கிறது. அங்கே ஆய்வு உதவியாளராகச் சேர்ந்தபடியே உயர்பட்டத்துக்குப் பதியலாம். இந்தியாவில் புனேயின் வெப்பமண்டல வானிலை நிறுவனம் பருவமழைக்கென்றே சொந்தப் புவி மாதிரி வைத்திருக்கிறது. பெங்களூரு இந்திய அறிவியல் நிறுவனமும் பலமானது. இந்திய அரசின் புலமைப்பரிசில்களைப் பற்றிக் கண்டியில் உள்ள உதவி உயர்ஸ்தானிகராலயத்தில் நேரில் போய்க் கேள். ஜெர்மனியில் ஹம்பர்க் மாக்ஸ் பிளாங்க் வானிலை நிறுவனம் புவித்தொகுதி மாதிரியாக்கத்துக்கென்றே ஆங்கிலத்தில், நிதி ஆதரவோடு, கலாநிதிப் பயிற்சி நடத்துகிறது. 2021இல் நோபல் பரிசு பெற்ற ஹாசெல்மான் தொடக்கி வளர்த்த நிறுவனம் அது. நோர்வேயில் கலாநிதி ஆய்வு சம்பளத்தோடு கூடிய வேலை.

ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறேன். காசு கட்டியோ கடன் பட்டோ இந்தத் துறையில் கலாநிதிப் பட்டத்துக்குப் போகாதே. இடம் எடுத்துத் தருகிறோம் என்கிற ஏஜென்சிக்காரரையும் நம்பாதே. நல்ல ஆய்வுக்கு ஆய்வு நிறுவனமே உனக்குப் பணம் தரும். பேராசிரியருக்கு எழுதும்போது அவருடைய இரண்டு கட்டுரைகளையாவது வாசித்துவிட்டு, உன் கேள்வி என்ன, அதை ஏன் அவரிடம் கொண்டு போகிறாய் என்று அரைப் பக்கத்தில் எழுது. அதற்குள் பைதன் மொழியிலும் லினக்ஸிலும் கையைப் பழக்கிக்கொள். ஈ.ஆர்.ஏ-5 தரவை இறக்கி, கட்டுகஸ்தோட்டை நிலையத்தின் மழையோடு ஒரு பருவத்துக்காவது ஒப்பிட்டுப் பார். அந்த ஒரு வரைபடம் உன் சான்றிதழ்களைவிட அதிகம் பேசும்.

அம்மாவுக்குப் பயம் இருக்கும். தோட்டத்திலிருந்து வந்த பிள்ளை நிரந்தர வேலையை விடுவதா என்ற பயம் நியாயமானது. அவரிடம் நான் பேசுகிறேன். ஆனால் நம் சரிவுகளின் மழையை நம்மவர் ஒருவர் கணக்கிடாவிட்டால், அதை யாரும் அவசரமாகக் கணக்கிடப் போவதில்லை. ஆகையால் தள்ளிப்போடாதே. அடுத்த கடிதத்தில் உன் கேள்வியை ஒரே வரியில் எழுதி அனுப்பு. மற்றதை நாம் இருவரும் சேர்ந்து பார்த்துக்கொள்வோம்.

அன்புடன்,
அக்கா