தவறு எங்கே?

வீட்டிலே தூங்கிக் கிடந்த பழைய கணினியின் வன்தட்டில் லினக்ஸை நிறுவ முனைந்தோம். பின்லாந்து மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் 1991ஆம் ஆண்டில் தொடங்கிவைத்த மென்பொருள் அது, காசு கேட்பதில்லை. தட்டு அழிந்துவிடுமென்று, அதிலிருந்த குடும்பப் படங்களை முதலிற் பிரதிசெய்து வைத்துக்கொண்டோம்.

நிறுவுதல் இனிதே முடிந்தது. ஆயின் இணையம் வரவில்லை! அருகில் நின்ற மகன்தான் எதையோ கெடுத்துவிட்டான் என்று கடிந்துகொண்டோம்.

அவன் வாய்திறவாமல் அமர்ந்தான். ‘பிங்’ என்னும் கட்டளையால் 8.8.8.8 என்ற இலக்க முகவரியை அழைத்தான், மறுமொழி வந்தது. ஒரு தளத்தைப் பெயர் சொல்லி அழைத்தான், மறுமொழி இல்லை.

“பாதை திறந்துதான் இருக்கிறது, அப்பா. பெயரை இலக்கமாக மாற்றித் தரும் டி.என்.எஸ். வழங்கியின் முகவரியிலேதான் பிழை” என்றான்.

அந்த முகவரியைப் பதிந்தவர் நாமே! ஓர் இலக்கம் தவறியிருந்தது. திருத்தியதும் இணையம் ஓடிவந்தது.

‘விடை பிழைத்தால், எந்தப் படியிற் பிழைத்ததென்று பார்’ என இருபது ஆண்டுகளாக வகுப்பிலே கணக்குக் கற்பிக்கின்றோம். வீட்டிலோ, படி எதையும் பாராமலே தீர்ப்புக் கூறிவிட்டோம்.

“பிழை என்னுடையதுதான், தம்பி” என்றோம். அவன் சிரித்தான். வன்தட்டிலே லினக்ஸ் பதிந்ததுபோல, எம் நெஞ்சிலும் அன்று ஒரு பாடம் பதிந்தது.