மொட்டை மாடி யாருடையது?

குரோம்பேட்டை ராதா நகர்ப் பக்கம் ஆறு வீடுகள் கொண்ட பழைய அடுக்ககம் அது. 2024-இல் மேல்தளத்து ஆசிரியர் ஒருவர், ஓய்வு பெற்றவர், மொட்டை மாடியில் 3 கிலோவாட் சோலார் பேனல்களுக்கான இரும்புச் சட்டங்களை நிறுத்தினார். அந்த ஆண்டு பிப்ரவரியில்தான் மத்திய அரசின் சூரிய மின்சாரத் திட்டம் அறிவிக்கப்பட்டிருந்தது. 3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் மானியம். மீதிக்கு வங்கிக் கடன் வாங்கியிருந்தார். மற்ற ஐந்து வீட்டாரும் வக்கீலான என்னிடம் வந்தார்கள். துணி காயப்போட இடம் போயிற்று, தளத்தில் துளை போட்டதால் மழைக்கு ஒழுகும் என்று காரணங்கள் சொன்னார்கள். ஒரு வார்த்தை கேட்காமல் செய்துவிட்டார் என்பதுதான் அவர்களுக்கு வலித்தது.

அவர் கேட்காததற்கும் காரணம் இருந்தது. 1998-இல் எழுதப்பட்ட அவருடைய கிரயப் பத்திரத்தில், மொட்டை மாடியின் முழு அனுபோக உரிமையும் அவருக்கே என்று ஒரு வரி இருந்தது. அந்த வரிக்காகக் கட்டுநரிடம் தனியே பணமும் கொடுத்திருந்தார். புறநகரில் அந்தக் காலத்துப் பத்திரங்களைப் புரட்டினால் இப்படிப்பட்ட வரிகள் பலவற்றைப் பார்க்கலாம். கால் நூற்றாண்டாக நம்பியிருந்த ஒரு வரியின் மேல்தான் அவர் இரும்புச் சட்டங்களை நிறுத்தினார். ஆகவே அவரை அத்துமீறியவர் என்று சொல்ல எனக்கு அன்றும் மனம் வரவில்லை.

என் வாதம் எளிமையானது. ஆறு பேரின் பத்திரத்திலும் மனையில் பிரிபடாத பாகம், அதாவது யூ.டி.எஸ்., எழுதப்பட்டிருக்கிறது. நிலம் ஆறு பேருக்கும் பொதுவென்றால், அதன் மேல் நிற்கும் கட்டடத்தின் கூரையைக் கட்டுநர் ஒருவருக்கு மட்டும் எப்படி விற்க முடியும்? மும்பைப் பாஞ்சாலி குடியிருப்புச் சங்க வழக்கில், தூண்களுக்கிடையே உள்ள வாகன நிறுத்தத்தைக் கட்டுநர் தனியாக விற்க முடியாது, அது பொதுப் பகுதி என்று உச்ச நீதிமன்றம் 2010-இல் தீர்ப்பளித்திருந்தது. 2016-இன் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டமும், அதாவது ரெராவும், பொதுப் பகுதிகளின் பட்டியலில் மொட்டை மாடியைச் சேர்த்திருக்கிறது. முன்னது மகாராஷ்டிரச் சட்டத்தை ஒட்டியது, பின்னது பத்திரத்துக்குப் பிறகு வந்தது என்று எதிர்த்தரப்பு சொன்னது. அது சரியான பதில்தான். ஆனால் இடைக்காலத் தடை கேட்கும் கட்டத்தில் முழு வழக்கையும் நிரூபிக்க வேண்டியதில்லை. மேலோட்டமாகப் பார்த்தால் வழக்கு இருக்கிறதா, தடை கொடுக்காவிட்டால் யாருக்கு அதிக இடர், அந்த இழப்பைப் பிறகு பணத்தால் ஈடுகட்ட முடியுமா என்ற மூன்றைத்தான் நீதிமன்றம் பார்க்கும். தடை கிடைத்தது. பேனல்கள் கார் நிறுத்தும் இடத்தில் அட்டைப் பெட்டியோடு சுவரில் சாய்ந்தன.

ஒன்றை நான் அன்று சொல்லவில்லை. உடன்பங்குதாரர் ஒருவர், மற்றவர்களை விலக்காமல், பொதுச் சொத்தை நியாயமான அளவில் பயன்படுத்தலாம் என்பதும் சட்டம்தான். அதைச் சொல்ல வேண்டியது எதிர்த்தரப்பு. ஆசிரியர் மாடி முழுவதும் தமக்கே என்று நின்றதால், 300 சதுர அடி மட்டும் போதும் என்று கேட்கவே இல்லை. ஆகவே எல்லோருக்கும் பொது, எல்லோரும் சம்மதிக்காமல் யாரும் கை வைக்கக் கூடாது என்ற என் கடுமையான வாதம் எதிர்ப்பில்லாமல் நின்றுவிட்டது.

ஆறு மாதம் கழித்து என் கட்சிக்காரர்களில் ஒருவரான கீழ்வீட்டு அம்மா வந்தார். வீட்டிலேயே தையல் தொழில், கணவர் படுக்கையில், இரண்டு மாதத்துக்கொரு முறை வரும் கரண்ட் பில் கைமீறிப் போகிறது. அவருக்கும் சோலார் வேண்டும். 10 கிலோவாட் வரைக்கும் சாத்தியக்கூறு ஆய்வு இல்லாமலே விண்ணப்பம் ஏற்கப்பட்டதாகக் கருத வேண்டும் என்று 2024 பிப்ரவரியில் விதி திருத்தப்பட்டிருந்தது. ஆனால் அந்த விதி பார்ப்பது மின்கம்பியை. கூரை யாருடையது என்பதை அது தீர்க்காது. முதல் மாடிக்காரர் கையெழுத்துப் போட மறுத்துவிட்டார். "எல்லாரும் சம்மதிச்சாதான்னு நம்ம வக்கீல்தானேம்மா கோர்ட்ல சொன்னாரு" என்றாராம். அந்த அம்மா அதை என்னிடம் குற்றமாகச் சொல்லவில்லை, வழி கேட்டுத்தான் சொன்னார். என்னிடம் வழி இல்லை.

பேனல் போட்டால் கரண்ட் போன நேரத்திலும் கணவரின் மருத்துவக் கருவி ஓடும் என்றும் நம்பியிருந்தார். பேட்டரி இல்லாத சாதாரண இணைப்பு, கம்பியில் மின்சாரம் நின்றதும் தானும் நின்றுவிடும்; கம்பத்தில் ஏறும் ஊழியரின் உயிரைக் காக்கும் ஏற்பாடு அது. இதை அவருக்கு முதலில் சொன்னவன் நான்தான் என்பது எனக்கு வியப்பாக இருந்தது. விற்க வந்தவர் சொல்லவில்லை.

மக்கள் நீதிமன்றத்துக்குப் போகலாம் என்று இரு தரப்பையும் நான்தான் வற்புறுத்தினேன். அங்கே ஏற்படும் சமரசம் தீர்ப்பாணைக்குச் சமம், மேல்முறையீடு கிடையாது, கட்டிய நீதிமன்றக் கட்டணமும் திரும்பி வரும். ஒரு கிலோவாட்டுக்குச் சுமார் 100 சதுர அடி தேவை. தண்ணீர்த் தொட்டி, படிக்கட்டு அறை, லிஃப்ட் அறை போக எஞ்சியது ஏறத்தாழ 1,000 சதுர அடி. ஆறு பேருக்கும் தலா 3 கிலோவாட் என்றால் 1,800 வேண்டும். எப்படி அளந்தாலும் இடம் பற்றவில்லை. அப்போதுதான் பொது மீட்டரின் நினைவு வந்தது. 2022 செப்டம்பரில் அடுக்ககப் பொது இணைப்புக்கு யூனிட் 8 ரூபாய் ஆனது. மறு ஆண்டு சிறு அடுக்ககங்களுக்கு 5.50 என்று குறைத்தபோது, லிஃப்ட் இல்லாத கட்டடங்களுக்கு மட்டுமே அந்தச் சலுகை. முட்டிவலிக்காரப் பெரியவர்களுக்காகப் பின்னாளில் வைத்த லிஃப்ட், இவர்களை அதற்கு வெளியே நிறுத்தியிருந்தது.

ஆகவே சங்கத்தின் பேரில், பொது மீட்டருக்கு 5 கிலோவாட். சங்கங்களுக்கு மானியம் கிலோவாட்டுக்கு 18,000 வீதம் 90,000 ரூபாய். பராமரிப்புத் தொகை ஆறு வீட்டுக்கும் குறைந்தது. ஆசிரியர் தம் பத்திரத்து வரியை விட்டுக்கொடுத்தார். அதற்காக அன்று கொடுத்த பணத்தை யாரும் அவருக்குத் திருப்பித் தரவில்லை. தையல்கார அம்மாவின் வீட்டு மீட்டரில் ஒரு யூனிட்கூடக் குறையவில்லை.

அடுக்ககத்தில் இருப்பவர்கள் சோலாருக்கு முன்பணம் கொடுப்பதற்கு முன் கிரயப் பத்திரத்தை எடுத்து மொட்டை மாடி பற்றிய பத்தியைப் படியுங்கள். பிறகு சங்கத்தைக் கூட்டி, யாருக்கு எத்தனை சதுர அடி, ஒழுகினால் யார் செலவு என்று தீர்மானம் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். ஆசிரியரின் பேனல்கள் ஒன்றரை ஆண்டு பெட்டியிலேயே கிடந்து, கடைசியில் நெமிலிச்சேரியில் அவர் மகளின் தனி வீட்டுக் கூரைக்குப் போய்ச் சேர்ந்தன.